மேலண்ணம் ஏன் உரிவதில்லை?

முறுக்கு உரசினாலும் மேலண்ணம் தாங்குகிறது, கன்னத்தில் பல் பட்டால் மட்டும் ரத்தம் வருகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஈற்றையும் மேலண்ணத்தின் கெட்டியான முன்பகுதியையும் மூடும் செல்களில் கெரட்டின் என்ற கடினப் புரதம் இறுகியிருக்கிறது. கன்னத்தில் அந்த உறை இல்லை. கொட்டாவிக்கும் பேச்சுக்கும் அது விரிந்து சுருங்க வேண்டுமே!

கெரட்டினோடு விளக்கத்தை முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. மேலண்ணத் திசுவின் மெல்லிய சீவலைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், மேலே எபிதீலியம் என்ற மேற்பரப்புச் செல் அடுக்கு, கீழே இணைப்புத் திசு. இரண்டும் சந்திக்கும் கோடு மேலும் கீழுமாக ஆழமாய் வளைந்து போகும். உங்கள் இரு கைவிரல்களையும் கோத்துப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், வழுக்காது. இங்கே கீழ்க்கையான இணைப்புத் திசுவின் விரல்களுக்குள் நுண் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. மேல்கையான எபிதீலியத்துக்குச் சொந்த ரத்தமே கிடையாது. கோத்த இடத்தில் கசிந்து வருவதுதான் அதற்கு உணவு. விரல் நீண்டால் பிடியும் கூடும், ஊட்டமும் கூடும். அதைவிட வியப்பு, இந்த மேல்கை ஓயாமல் புதிதாகிக்கொண்டே இருப்பது! விரலிடுக்கில் பிறக்கும் செல்கள் மேலேறிப் புறங்கைக்கு வந்து, ஒட்டிய கிருமிகளையும் சுமந்து உதிர்கின்றன. பிடி மட்டும் தளர்வதில்லை.

நாக்கின் அடியிலோ விரல்கள் குட்டை, எபிதீலியம் மிக மெல்லியது. நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் மாத்திரையை அங்கே வைக்கச் சொல்வது அதனால்தான்.

இந்தப் பிடியையே கெடுப்பது பாக்கு. 'புகையிலை இல்லாதது' என்று விற்கும் பாக்குப் பொட்டலங்களை நம்பாதீர்கள். பாக்கிலுள்ள அரெகோலின் என்ற வேதிப்பொருள், இணைப்புத் திசுவின் கொலாஜன் இழைகளைப் பெருக்குகிறது. பாக்கிலுள்ள தாமிரம், அந்த இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதிக்கு உதவுகிறது. ரத்தக்குழாய்கள் குறைந்து, எபிதீலியம் மெலிந்து, கோத்த விரல்கள் தட்டையாகின்றன. கன்னம் பட்டை பட்டையாக இறுகுகிறது.

வரலாறு சுருக்கமாக: 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்பவர், கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் இந்த இறுக்கத்தைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டே மும்பையில் ஜோஷி என்பவரும் அதை விவரித்தார். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2004 அறிக்கை உறுதியாகச் சொன்னது.

பாக்கு மெல்லும் பழக்கம் உள்ளவருக்குக் கொஞ்சம் காரத்துக்கே வாய் எரிந்தாலும், வாயை முன்போல் அகலத் திறக்க முடியாவிட்டாலும் உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இறுகிய பட்டைகள், பாக்கை நிறுத்திய பிறகும் தாமாக இளகுவது அரிது.