அண்ணியோட அரசு லேப்டாப்புக்கு என்ன ஆச்சு?

எங்க அண்ணி பேரளம் பக்கம். ப்ளஸ் டூ படிக்கும்போது தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச லேப்டாப், கல்யாணமாகி அம்பகரத்தூர் வரும்போது சீர்வரிசையோட சேர்ந்து வந்துச்சு. 2011 செப்டம்பர் 15-ல தொடங்கின திட்டம் அது. எல்காட் வாங்கிக் கொடுத்த மெஷின். விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ரெண்டுமே அதுல இருந்தது. பாஸ் லினக்ஸ் நம்ம சென்னை சி-டாக்ல, டெபியனை அடிப்படையா வெச்சு உருவாக்கினது. அதை யாரும் திறந்துகூடப் பார்க்கல என்பது வேற கதை.

அண்ணி மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுறாங்க. "தம்பி, நோட்டுல கூட்டிக் கூட்டி கண்ணு போகுது. இது ஓடுமா பாரேன்"னு பொங்கல் லீவுல எடுத்துக் கொடுத்தாங்க. ஏற்கனவே ஒரு கடையில காட்டியிருக்காங்க. "பழைய இரும்புக்குப் போடுங்க"ன்னு பதில். புதுசு வாங்க வீட்டுல இப்போ வழியில்ல.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். மெஷின் பழசானதால ஓடலையா, இல்ல புது ஓஎஸ் அதை ஏத்துக்கலையா? ரெண்டும் ஒண்ணு இல்ல. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-ல முடிஞ்சது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல. விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேணும். இந்தச் சோதனையை ஏமாத்தி இன்ஸ்டால் பண்ற வழி யூடியூப் முழுக்க இருக்கு. ஆனா 24எச்2 பதிப்பு வந்ததுல இருந்து பாப்கவுன்ட் என்கிற கட்டளை இல்லாத ப்ராசஸர்ல அது பூட்டே ஆகாது. கோர் 2 டுவோ வெச்சிருக்கவங்க அந்த ஆசையை விட்டுடலாம்.

அடுத்தது டிரைவர். நம்ம ஊர் வழியா போற காரைக்கால்-பேரளம் ரயில் பாதை ஒரு காலத்துல மீட்டர் கேஜ், இப்போ அகலப் பாதை. பெட்டி எவ்வளவு நல்லா இருந்தாலும் அடியில இருக்கிற சக்கர அமைப்பை மாத்தாம புதுத் தண்டவாளத்துல ஏத்த முடியாது. டிரைவர்தான் அந்தச் சக்கரம். விண்டோஸ்ல அதைப் பெரும்பாலும் தயாரிப்பாளர்தான் எழுதிக் கொடுக்கணும். பத்து வருஷம் கழிச்சு அவங்களுக்கு அதுல லாபம் இல்ல. லினக்ஸ்ல பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோட மூலநிரலுக்குள்ளேயே இருக்கு. கெர்னல் மாறும்போது அதுவும் சேர்ந்து திருத்தப்படுது. பழைய மெஷினுக்கு லினக்ஸ் ஒத்துப்போக முக்கியக் காரணம் இதுதான்.

அண்ணி மெஷின்ல இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், 2 ஜிபி ரேம். ஸ்டார்ட்டர் 32 பிட்ல மட்டும்தான் வந்தது, 2 ஜிபிக்கு மேல ரேமைப் பயன்படுத்தவும் விடாது. அதனால நானும் இது 32 பிட் மெஷின்னே நெனச்சேன். பென்டிரைவ்ல லைவ் லினக்ஸ் போட்டு எல்எஸ்சிபியு கட்டளை கொடுத்தா, 64 பிட்னு வருது! குறை மெஷின்ல இல்ல, போட்டிருந்த ஓஎஸ்ல. இதை மட்டும் பார்க்காம விட்றாதீங்க. டெபியன் 13-ல 32 பிட்டுக்கு இன்ஸ்டாலரே கிடையாது.

பழைய ஹார்ட் டிஸ்க்குல அண்ணியோட காலேஜ் போட்டோ எல்லாம் இருந்தது. அதை அழிக்கல. கழட்டி வெச்சுட்டு, புது சாட்டா எஸ்எஸ்டி மாட்டினேன். கூடவே செகண்ட் ஹேண்ட்ல 4 ஜிபி டிடிஆர்3 ரேம். ரெண்டும் சேர்த்து 2,500 ரூபாய்க்குள்ள. ரேம் மாட்டினதும் ஸ்கிரீன் கறுப்பு. உயிரே போச்சு. கழட்டி, அதோட பித்தளை நிற முனையை ரப்பரால மெதுவா தேய்ச்சு மறுபடி மாட்டினதும் வந்துச்சு.

டெபியன், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். இன்ஸ்டால் சுலபமா முடிஞ்சது, வைஃபை மட்டும் வரல. அந்த சிப்புக்கான டிரைவரைத் தனியா இறக்கணும். இறக்க நெட் வேணும்! போனை யூஎஸ்பி கேபிள்ல இணைச்சு டெத்தரிங் போட்டேன், லினக்ஸ் அதை உடனே எடுத்துக்கிச்சு. ஆனா எந்த சைட்டைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது'ன்னு எச்சரிக்கை. ஒரு மணி நேரம் டிரைவரைத் திட்டிட்டு இருந்தேன். அப்புறம்தான் மூலையில தேதியைப் பார்த்தேன், 2011. போர்டுல இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போனா கடிகாரம் பின்னால போயிடும். அந்தத் தேதியில இன்னைக்கு உள்ள சான்றிதழ் எதுவும் செல்லாது. கைக்கடிகாரக் கடையில பேட்டரி வாங்கி மாத்தினதும் எல்லாம் சரி.

இப்போ லிப்ரே ஆபீஸ் கால்க்ல கணக்கு ஓடுது, தமிழ்99-ல டைப் பண்றாங்க. வீடியோ கால் திக்குது, அதுக்கு போன் இருக்கு. லேப்டாப் பேட்டரி பத்து நிமிஷம்தான் தாங்குது, அதனால சார்ஜர் சொருகியே இருக்கணும். போன வாரம் கரண்ட் போய், சேவ் பண்ணாத ஒரு பக்கக் கணக்கு போயிடுச்சு. அண்ணி கூப்பிட்டுத் திட்டினாங்க. தானா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை சேவ் ஆகுற மாதிரி செட்டிங்ஸை மாத்திக் கொடுத்திருக்கேன்.