சோழியின் இனமும் ஓட்டின் அடையாளமும்

நம் அங்கத்தினர் வீடுகளில் தாயமாட உதவும் சோழி, சிறு கடல் நத்தையொன்றின் ஓடாகும். ஸ்வீடன் தேசத்துப் பண்டிதர் லின்னேயஸ் 1758-ம் வருஷத்தில் பணச்சோழிக்கும் வளையச்சோழிக்கும் தனித்தனியே பெயரிட்டார். முன்னது மஞ்சள் நிறமாய், ஓரம் புடைத்துக் கோணலாயிருக்கும்; பின்னதன் முதுகில் பொன்னிற வளையம் காணும். மாலத்தீவிலிருந்து கப்பலேறி வங்காளத்தில் நாணயமாய்ச் செலாவணியானது முன்னதே.

ஓடு மெருகிட்டாற்போல் இருப்பது ஏன்? நத்தை தன் சதைமடலை வெளியே விரித்து ஓட்டைப் போர்த்துக்கொள்கிறது. அம்மடலே பளபளப்பைப் பூசுகிறது. குஞ்சின் ஓடோ மெல்லியது. உதடு உட்சுருண்டு பல்வரிசை கண்டபின் அது நீளத்தில் வளர்வதில்லை. ஆகையால் பல்லில்லாத ஓடு, இனம் பெருக்கும் பருவமெய்தாத உயிரினுடையது. கடலோரச் சங்கத்தார் அத்தகையதை விலைக்கு ஏற்கலாகாது. புரட்டிய கல்லையும் பழையபடி கவிழ்த்து வைக்கும்படி பொறுக்குவோருக்குச் சொல்லவேண்டும்.