பார்ப்போர் இன்றித் தொடரும் தமிழ்க் கூத்து

புது தில்லி: பாலக்காடு, இடுக்கி எல்லைகளிலிருந்து தலைநகரை வந்தடையும் செய்திகளில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை. முல்லைப் பெரியாறு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லும் 2014-லும் அளித்த தீர்ப்புகளையும், பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தத்தையும் அறியாத தமிழ் வாசகர் குறைவு. ஆனால் அதே எல்லைக்கு அப்பால், ஆண்டுதோறும் கம்பனின் பாடல்கள் விடிய விடிய ஒலிப்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

பாலக்காடு மாவட்டம் ஷொர்ணூரை அடுத்த கவளப்பாறை, கூனத்தறை உள்ளிட்ட ஊர்களில் பகவதி கோயில்களையொட்டி நிலையான கூத்துமாடங்கள் உள்ளன. அறுவடை முடிந்தபின், ஜனவரி முதல் மே வரை, அங்கு தோல்பாவைக்கூத்து நடைபெறுகிறது. சில கோயில்களில் ஏழு இரவுகள். சிலவற்றில் 14 அல்லது 21 இரவுகள். நீண்ட வெள்ளைத் திரைக்குப் பின்னால், தேங்காய் மூடிகளில் ஏற்றப்பட்ட 21 விளக்குகள் வரிசையாக எரிகின்றன. அவற்றின் ஒளியில் தோலில் வெட்டிய உருவங்கள் நிழலாக அசைகின்றன. செண்டை, மத்தளம், இலைத்தாளம், சங்கு ஆகியவை உடன் ஒலிக்கின்றன.

பாடப்படுபவை கம்பராமாயணப் பாடல்கள். பாடுவோர் இன்று வீட்டில் மலையாளம் பேசும் குடும்பத்தினர். அவர்கள் "புலவர்" என்ற பட்டத்தால் அழைக்கப்படுகின்றனர். பாடலைத் தமிழில் பாடி, அதற்கு மலையாளம் கலந்த தமிழில் உரை சொல்வது மரபு. 1956-ல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிக்கப்படும்வரை மதராஸ் மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பகுதி இது. எல்லைக்கோடு மாறியபோதும் கூத்தின் மொழி மாறவில்லை.

இக்கூத்தை முதன்முறை காண்பவரை வியக்கவைப்பது, திரையின் முன் உள்ள வெற்றிடம். நள்ளிரவுக்குப் பின் பெரும்பாலும் ஒருவரும் இருப்பதில்லை. தாருகனுடன் போரிட்டுக் கொண்டிருந்ததால் இராம - இராவணப் போரைக் காணத் தவறிய பத்ரகாளிக்காகவே இக்கூத்து என்பது நம்பிக்கை. பார்வையாளர் அம்மன் ஒருவரே என்பதால் ஆட்கள் வராதது குறையாகக் கருதப்படுவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1996-ல் வெளியான தமது நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். எதிரே கேட்பவர் இல்லாத நிலையில், கூத்தர்கள் ஒருவருக்கொருவர் பார்வையாளராகிவிடுகின்றனர் என்பது அவர் கண்டறிந்த உண்மை.

நகைச்சுவையும் வாதமும் அங்குதான் பிறக்கின்றன. ஒருவர் பாடலுக்குப் பொருள் சொல்ல, மற்றவர் மறுகேள்வி எழுப்புகிறார். கம்பனில் இல்லாத கதைகளும் இடம்பெறுகின்றன. தவமிருந்த சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரனை இலக்குவன் அறியாமல் வெட்டிவிடுவது அவற்றுள் ஒன்று. மகனை இழந்த தாயாக அவள் வந்து நிற்கும்போது, மூக்கறுபட்ட கதைக்கு வேறொரு பொருள் கிடைக்கிறது. இவை குழந்தைகளை மகிழ்விக்க எழுந்தவை அல்ல. வாழ்க்கையைக் கண்டவர்கள் நின்று கேட்க வேண்டியவை.

எல்லைக்கு இப்பால் தமிழகத்திலும் இதே நிலை. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட கலைஞர்கள் இங்கு தோற்பாவைக்கூத்தைத் தமிழில் நடத்தி வந்துள்ளனர். ஆர்மோனியமும் மிருதங்கமும் ஒலிக்க, ஒரே கலைஞர் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தோன்றியதும் அவையில் சிரிப்பு எழும். ஊர்ப் பெரிய மனிதர், அதிகாரி, கடவுள் என எவரும் அவர்களது கேலிக்குத் தப்புவதில்லை. பெரியவர்களுக்கு மட்டுமே முழுமையாக விளங்கும் இரட்டைப் பொருள் பேச்சும் அதில் கலந்திருக்கும்.

ஆக, எல்லையின் இருபுறமும் தமிழ்ப் பாவைக்கூத்தைக் காத்து வருவோரின் வீட்டு மொழி தமிழ் அல்ல. மொழி உரிமை பேசும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இது.

அரசின் அங்கீகாரம் கிடைக்கவில்லை என்று கூறிவிட முடியாது. மறைந்த கிருஷ்ணன்குட்டி புலவர் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர். அவரது மகன் ராமச்சந்திர புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. காந்தியடிகளின் வாழ்வும் பாவைக்கூத்தாகியுள்ளது. ஆண்கள் மட்டுமே நடத்திய இக்கலையில் இப்போது பெண்கள் குழுவும் உண்டு. பாவைகளை இயந்திரக் கைகளால் அசைக்கும் முயற்சியும் நடந்துள்ளது.

ஆயினும் விழா மேடைகளுக்கு ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோதான் ஒதுக்கப்படுகிறது. அந்தச் சுருக்கத்தில் போர்க்காட்சிகள் தப்பிப் பிழைக்கின்றன; உரையும் வாதமும் நகைப்பும் முதலில் வெட்டப்படுகின்றன. பாவை என்றாலே சிறுவர் நிகழ்ச்சி என்ற எண்ணமும் இதற்குத் துணைபோகிறது. துருக்கியின் நையாண்டி நிழற்கூத்தான கராகோஸ் 2009-லும், சீன நிழற்பாவைக்கூத்து 2011-லும் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கேரளத்தின் கூடியாட்டமும் முடியேற்றும் அதில் உள்ளன. பாவைக்கூத்து இல்லை.

மாநில வாரியாகப் பிரித்துப் பார்க்கும்போது, கேரளத்துக்கு இது தமிழ் ஓதும் கோயில் சடங்கு. தமிழகத்துக்கு அண்டை மாநிலக் கலை. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்பு மத்திய அமைப்புகளுக்கே உண்டு. மத்திய கலாசார அமைச்சகத்தின்கீழ் தஞ்சாவூரில் இயங்கும் தென்னகப் பண்பாட்டு மையத்தின் எல்லைக்குள் இரு மாநிலங்களும் அடங்கும். கோவையிலும் பொள்ளாச்சியிலும் முழு இரவுக் கூத்தை, உரையும் நகைச்சுவையும் குறையாமல், பெரியவர்களுக்கென்றே நடத்த அம்மையம் முன்வரலாம். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் புலவர்களின் உரை மரபைத் தமிழில் பதிப்பிக்கலாம்.

பத்மஸ்ரீ விருது ஒரு கலைஞரைப் பெருமைப்படுத்தும். கூத்தரின் மறுகேள்விக்கு எதிரே அமர்ந்து சிரிப்பவர்களை அதனால் தர முடியாது. நதிநீருக்காக எல்லையை உற்றுநோக்கும் தமிழகம், அதே எல்லையில் தமிழ் கேட்கும் இரவுகளுக்கும் சில பார்வையாளர்களை அனுப்பலாம். பாலக்காடு கோவையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள்தான் உள்ளது.