நெஞ்சுக் காயமும் வைத்தியசாலைத் துண்டும்

படுவான்கரைக் கிராமங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடையே, விலாவில் ஒரு தழும்பும் அதற்கொரு கதையும் உள்ளவர்களைக் காண்பது அரிதல்ல. கதை தெளிவாகவே இருக்கும். ஷெல் விழுந்த இடம், தோணியில் வாவியைக் கடந்த நேரம், பெரியாசுபத்திரியில் விலாவினூடாகக் குழாய் போட்டு இரத்தம் எடுத்தது எல்லாம் நினைவிருக்கும். "துண்டு இருக்கிறதா?" என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். இடப்பெயர்வில் தொலைந்தது, சுனாமியோடு போனது, கறையான் அரித்தது என்று பதில் வரும்.

அந்தத் துண்டில் என்ன எழுதப்பட்டது என்பது காயத்தின் ஆழத்தைப் போலவே முக்கியமானது. நெஞ்சுக் காயத்தில் இது மிகவும் உண்மை. வெளியே ஓர் அங்குல வெட்டாகத் தெரிவது தோலோடும் தசையோடும் நின்றிருக்கலாம்; விலா இடுக்கினூடாக நெஞ்சறைக்குள் இறங்கியும் இருக்கலாம். உள்ளே இறங்கினால் நுரையீரலைச் சுற்றிக் காற்றோ இரத்தமோ சேர்ந்து, நுரையீரல் சுருங்கிவிடும். காயம் ஆறிய பின்னர் இரண்டு தழும்புகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டைச் சொல்வது அன்று எடுத்த எக்ஸ்ரேயும் டிக்கற்றில் வைத்தியர் எழுதிய சில வரிகளுமே.

சட்டமும் இந்த இடத்தில்தான் கோடு கிழிக்கிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 311 ஆம் பிரிவு எவையெவை கடுங்காயம் என்று நிரற்படுத்துகிறது. உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் காயமும், நெஞ்சறை, வயிற்றறை அல்லது மண்டையறையைத் திறந்து சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்த காயமும் அதில் அடங்கும். எனவே "நெஞ்சில் காயம்" என்ற இரண்டு சொற்களோடு ஒரு பதிவு முடிந்துவிட்டால், குத்தியவருக்கான குற்றச்சாட்டே இலகுவானதாகிவிட இடமுண்டு. எந்தப் பக்கம், எத்தனையாவது விலா இடுக்கு, நீளம் எவ்வளவு, உள்ளே இறங்கியதா, குழாய் போடப்பட்டதா, எவ்வளவு இரத்தம் வந்தது என்பன எழுதப்பட வேண்டும். பொலிசார் வழங்கும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தை நிரப்பும் வைத்தியருக்கும், பின்னர் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் சட்ட வைத்திய அதிகாரிக்கும் இவையே ஆதாரம்.

நோயாளி வீடு சென்ற பின்னர் அந்த டிக்கற் பதிவேட்டு அறைக்குப் போகிறது. அங்கிருக்கும் உத்தியோகத்தரைப்பற்றி எவரும் பேசுவதில்லை. வைத்தியர் எழுதிய நோயின் பெயரை அவர்தான் குறியீடாக மாற்றுகிறார். 1990 இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட ஐ.சி.டி. பத்தாவது திருத்தத்தின்படி, நெஞ்சின் முன்சுவரில் திறந்த காயம் எஸ்.21.1, பின்சுவரில் என்றால் எஸ்.21.2. காற்றுப் புகுந்திருந்தால் எஸ்.27.0, இரத்தம் சேர்ந்திருந்தால் எஸ்.27.1, இரண்டும் என்றால் எஸ்.27.2. வெறுமனே "நெஞ்சில் காயம்" என்றிருந்தால் எஸ்.29.9, அதாவது இன்னதென்று குறிப்பிடப்படாதது. ஊகித்து எழுத அவருக்கு அனுமதியில்லை.

காரணத்துக்கும் தனிக் குறியீடு உண்டு. கத்திக்குத்து எக்ஸ்.99, மாடு முட்டியதோ யானை அடித்ததோ டபிள்யூ.55, தென்னையால் விழுந்தது டபிள்யூ.14, போர் நடவடிக்கை வை.36. போர் முடிந்து பல வருடங்களின் பின் தலைகாட்டும் விளைவுக்குக்கூட வை.89.1 என்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவை தொகுக்கப்பட்டுக் கொழும்புக்குச் செல்கின்றன. அரச வைத்தியசாலைகளில் மக்கள் அனுமதிக்கப்படும் காரணங்களில் பல வருடங்களாகக் காயங்களே முன்னணியில் நிற்கின்றன என்பது இவ்வாறுதான் தெரியவந்தது.

ஆனால், காரணத்தைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். கணவன் குத்திய காயத்தைக் கம்பி ஏறியது என்று சொல்லும் பெண்ணையும், அயலவனுக்குப் பயந்து மாட்டின்மேல் பழியைப் போடும் ஆணையும் எமது ஊர்களில் அறியாதவர் யார்? முதல் நாள் சொன்னது டிக்கற்றில் ஏறிவிடும். பின்னர் வழக்கில் உண்மையைச் சொல்லும்போது, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத்தான் முதலில் வாசித்துக் காட்டுவார்.

போர்க்காலத்தில் எல்லாம் எழுதப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை அவ்விடத்தில் பாதையிலோ தோணியிலோதான் வாவியைக் கடந்தார்கள். ஒரே இரவில் பலரைக் கொண்டுவந்து கிடத்தும்போது எந்த வைத்தியரும் முதலில் பேனையைத் தேடமாட்டார். 2019 ஏப்ரல் 21 அன்று உயிர்த்த ஞாயிறு வழிபாட்டு நேரத்தில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோதும், அருகிலிருந்த போதனா வைத்தியசாலை அப்படியான ஒரு காலையைத்தான் கண்டது. எனினும் அன்றைய பதிவுகள் பின்னர் தேவைப்பட்டன. 2023 சனவரி 12 இல் உயர் நீதிமன்றம், குண்டுத்தாக்குதல்களில் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. இழப்பீடுகளுக்கான அலுவலகம் 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் காயத்தை நிரூபிப்பது கடிதமே தவிரக் கண்ணீரல்ல.

பணம் ஒருபுறமிருக்க, உடல் நலமும் இதில் தங்கியுள்ளது. பலரின் நெஞ்சில் இன்றும் இரும்புத் துகள்கள் உள்ளன. எம்.ஆர்.ஐ. இயந்திரம் பலமான காந்தம்; உள்ளேயுள்ள இரும்பை அது அசைக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பழைய இரத்தத் தேக்கம் நுரையீரல் உறையில் விட்ட தடிப்பு, எக்ஸ்ரேயைப் பார்க்கும் புதிய வைத்தியருக்குச் சயரோகச் சந்தேகத்தையும் எழுப்பலாம். "இந்த வருடம் இன்ன காயம், குழாய் போட்டது" என்ற ஒரு வரி எத்தனையோ அலைச்சலைத் தடுக்கும்.

புதிதாகக் காயப்பட்டவரைக் கொண்டு செல்வோர், குத்தி நிற்கும் பொருளை இழுத்தெடுக்கக் கூடாது. இரத்தம் பட்ட சட்டையைக் கழுவவோ எறியவோ கூடாது. துணியிலுள்ள ஓட்டையும் சட்ட வைத்திய அதிகாரிக்குச் சாட்சிதான். மகிழடித்தீவிலிருந்தோ களுவாஞ்சிக்குடியிலிருந்தோ மட்டக்களப்புக்கு மாற்றினால், மாற்றற் கடிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள். வீடு திரும்பும்போது நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்கி, அதில் பக்கமும் காரணமும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று படிக்கத் தெரிந்த ஒருவரைக்கொண்டு அங்கேயே பாருங்கள். பிழையிருந்தால் அன்றே சொல்வது இலகு. பிரதி எடுத்து, ஒன்றைப் பொலித்தீன் உறையிலிட்டு உறவினர் வீட்டில் வையுங்கள். வெள்ளம் இரண்டு வீடுகளுக்கும் ஒன்றாக வராத இடமாக இருந்தால் நல்லது.

துண்டைத் தொலைத்தவர்களுக்கும் வழி முற்றாக அடைபடவில்லை. அனுமதிக்கப்பட்ட வருடமும் மாதமும் தெரிந்தால் வைத்தியசாலைப் பதிவேட்டு அறையில் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அங்கும் இல்லையென்றால், கிளினிக்கில் வைத்தியரிடம் தழும்பைக் காட்டி, புதிதாக ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துத் தருமாறு கேட்கலாம். முப்பது வருடம் கழிந்தாலும் இரும்பு படத்தில் வெள்ளையாகத் தெரியும். அதைக் கிளினிக் கொப்பியில் திகதியோடு எழுதச் சொல்லுங்கள்.