மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் வாடை

விடியுமுன் பிரட்டுக்குப் புறப்படும் அவசரத்தில், மோட்டார் சைக்கிளை உதைத்ததும் பெட்ரோல் வாடை வீசுகிறதா? உதைப்பதை நிறுத்தி, முதலில் கார்புரேட்டரின் அடியைப் பார்ப்போம்.

அங்கே ஈரமில்லையெனில், சோக்கை இழுத்தபடியே பலமுறை உதைத்ததால் பிளக் நனைந்திருக்கும். சோக்கை விடுவித்துச் சில நிமிடம் பொறுத்து, கைப்பிடியை முழுதும் முறுக்கி உதைத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும். எஞ்சின் பிடித்ததும் முறுக்கைத் தளர்த்த வேண்டும்.

சொட்டினால் நிலைமை வேறு. கார்புரேட்டர் கிண்ணத்தினுள் மிதவை ஒன்று உண்டு. பெட்ரோல் நிரம்பியதும் அது எழும்பி, ஓர் ஊசியால் வழியை அடைக்கும். ஊசிமுனையில் தூசி சிக்கினால் அடைப்புச் சரியாக விழாது. டாங்கியிலிருந்து வரும் பெட்ரோலைத் திருகி அடைத்துவிட்டு, கிண்ணத்தை ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டலாம். பிறகும் சொட்டினால் கழற்றிக் கழுவ வேண்டியதுதான்.

வெடித்த பெட்ரோல் குழாயை மாற்றவே வேண்டும். ஒட்டுப்பாலை அப்பி அடைத்தல் வீண். பச்சை ரப்பர் பெட்ரோலில் ஊறிக் கரைந்துவிடும். குழாய்க்குரிய ரப்பர் வேறு வகை. பெட்ரோலைப் பீய்ச்சும் புதுவகை வண்டிகளிலோ குழாயினுள் அழுத்தம் மிகுதி. அவற்றைப் பட்டறைக்கே விடுதல் நன்று.

பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது, தரையோடு தவழும். அஞ்சடியில் நிறுத்திய வண்டி கசிந்தால், அது கதவின் கீழாகப் புகுந்து அடுப்பையோ கொசுவத்தியையோ எட்டக்கூடும். கசிவைத் தேடத் தீக்குச்சி கிழித்தல் ஆகவே ஆகாது. வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளிவிட்டு, அன்று பிரட்டுக்கு நடந்தே போவோம்.