அயலார் கடைச் சோறு

சோறு விற்பது எமது கரையில் முன்னாளிற் பெருமைக்குரிய தொழிலாகக் கருதப்படவில்லை. மேற்கே வயல், கிழக்கே கடல், இடையிலே தென்னஞ்சோலை. இத்தகைய ஊரில் வழிப்போக்கன் வந்தாற் திண்ணையில் இருத்திச் சோறு போடுவரேயன்றி, அதற்குக் காசு கேட்க நாணுவர். சாப்பாட்டுக்கடை என்பது பெரும்பாலும், ஊரில் உறவில்லாதவன் ஒருவன், தன்னைப் போன்று உறவில்லாத பிறர்க்காக வைத்ததாகவே தோன்றியிருத்தல் வேண்டும். பெருநகரங்களிற் சென்று பார்த்தால் இவ்வுண்மை தெளிவாகும்.

அண்மையில் எமது மாணவர் பன்னிருவரைக் கொழும்பு நூதனசாலையைக் காட்டும் பொருட்டு அழைத்துச் சென்றோம். கல்முனையில் இரவு பஸ் ஏறி விடியற்காலையிற் புறக்கோட்டையில் இறங்கினோம். நூதனசாலையில் அவர்கள் எதைக் கற்றார்களோ, அறியோம். அன்று மூன்று வேளையும் உண்ட இடங்களைப் பற்றியே திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள்.

காலை உணவு செட்டியார் தெருவில். நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கடல் கடந்து வந்து வட்டித்தொழில் நடத்திய காலத்தில், கதிரேசனுக்குக் கோயில் கட்டி, அதன் அயலிலே தமது ஊர்ச் சமையலையும் நிலைநாட்டிய இடம் அது. இட்டலி, தோசை, சாம்பார் என்பன இன்று இலங்கையின் எப்பட்டினத்திலும் கிடைக்கின்றன. எனினும் நகை வாங்க வந்தவரும் நகை செய்பவரும் ஒரே மேசையில் தோளோடு தோள் உராய்ந்து உண்ணும் அத்தெருவில் அவற்றிற்குத் தனிச் சுவை உண்டு. அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாசகரிற் பலர் அறிந்ததே.

மதியம் கொம்பனித் தெருவுக்கு நடந்தோம். பேரா வாவியை அடுத்த இப்பகுதியில், ஒல்லாந்தர் ஆபிரிக்க அடிமைகளை இரவில் அடைத்து வைத்தனர் என்பது வரலாறு. ஆங்கிலத்தில் நெடுங்காலமாக அவ்வடிமைப் பெயரே வழங்கிவந்தது. பின்னர் அங்கே குடியேறியோர் மலாயர். ஒல்லாந்தர் யாவாவிலிருந்தும் அயற்றீவுகளிலிருந்தும் போர்வீரராகவும் நாடுகடத்தப்பட்ட பிரபுக்களாகவும் கொண்டுவந்தவர்களின் வழியினர் இவர்கள். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கை ரைபிள் படை பெரும்பாலும் மலாயரைக் கொண்டதாகவே விளங்கிற்று. 1873 ஆம் ஆண்டில் அப்படை கலைக்கப்பட்டது. படை போயிற்று, பாசறையின் அடுப்பு அணையவில்லை. அண்மைக் காலத்தில் பழைய வீடுகளும் கடைகளும் பல இடிக்கப்பட்டு, வானளாவிய மாடங்கள் எழுந்துள்ளன. அவற்றின் நிழலிலே எஞ்சியிருந்த சிறு கடை ஒன்றினுள் நுழைந்தோம்.

நான்கே மேசைகள். முதிய மாது ஒருவர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியில் நீறு இருந்ததைக் கண்டார் போலும். "இது பாபத், மாட்டுக் குடல், நீங்க சாப்பிட மாட்டீங்க. முட்டை போட்டு நாசி கொறேங் செஞ்சு தாறன்" என்றார். நாம் கேளாத முன்னரே சொல்லப்பட்ட அவ்வார்த்தை எமக்கு உணவிலும் இனிதாக இருந்தது. எம்முடன் வந்த முஸ்லிம் மாணவர் பாபத்தையும் பிட்டையும் ஒரு கை பார்த்தனர்.

அப்போது மாணவன் ஒருவன், "சேர், இதுதான் உண்மையான மலாய்ச் சாப்பாடா? எப்படி அறிவது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நாம் சொன்ன விடை இது: கடையின் பெயர்ப்பலகையைப் பாராதே, மேசைகளிற் யார் இருக்கிறார்கள் என்று பார். அவ்வினத்து முதியோர் வந்து, விலைப்பட்டியலைக் கேளாமல், தம் மொழியிற் கதைத்து, வீட்டில் உண்பதுபோல் உண்டு செல்வராயின், அது உண்மையான கடை. வெளியாருக்கென்று காரத்தைக் குறைத்துச் சீனியைக் கூட்டிய கடையில் அவர்கள் கால் வையார். அன்று அங்கே இருந்த நால்வரில் மூவர் மலாய் பேசினர்.

ஆனால் இவ்விடையில் ஒரு குறையுண்டு என்பதைப் பின்னரே உணர்ந்தோம். 'உண்மையான' என்று எதைச் சொல்வது? 'நாசி' என்றால் மலாய் மொழியிற் சோறு. 'கொறேங்' என்றாற் பொரித்தது. அது இன்று எமது கல்முனைக் கடைகளிலும் இரவுதோறும் இரும்புச் சட்டியிற் புரள்கின்றது. எமது வீடுகளில் தேங்காய்ப்பூவும் மிளகாயும் சேர்த்து அரைக்கும் சம்பலின் பெயரே மலாயரும் யாவாவினரும் வழங்கும் சொல். தொதலும் அவர்கள் தந்தது. பெருநாளன்று முஸ்லிம் அயலவர் எமக்கு அனுப்பும் வட்டிலப்பமும் மலாயர் வழியாக வந்ததென்றே பெரும்பாலார் கூறுவர். பாண் என்ற சொல் போர்த்துக்கேயருடையது. மிளகாயோ அமெரிக்காவில் விளைந்து, அவர்களது கப்பல் வழியே பரவிற்று. அதற்கு முன் எம் முன்னோர் மிளகையே உறைப்பென்று அறிந்திருந்தனர். இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, 'உண்மையான' கீழ்க்கரைச் சாப்பாட்டைச் சமைக்கச் சொன்னால் எம் தாய்மார் திகைத்துப் போவர்.

இனி எமது கரைக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து தெற்கே கடலோரப் பாதையில் வருவோர், ஊர்கள் மாலையிற் கோத்த இருநிற மணிகள்போல மாறி மாறி வருவதைக் காண்பர். பெரியநீலாவணை தமிழூர், மருதமுனை முஸ்லிம் ஊர். பாண்டிருப்புத் தமிழர், கல்முனைக்குடி முஸ்லிம்கள். சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு. கொழும்பு மலாயரைப் போன்று முஸ்லிம்கள் இங்கே நேற்று வந்தவர் அல்லர். தாய்வழிக் குடிமுறையைக்கூட இரு சாராரும் ஒப்பவே பேணியவர்கள். ஆயினும் உணவுக்கடை வைக்கும் துணிவு அவர்களிடமே மிகுந்திருந்தது. ஆகவே எமது கரையில் தமிழன் ஒருவன் வீட்டுக்கு வெளியே உண்பதென்றால், பெரும்பாலும் அயலார் கடையில் உண்பதே.

அக்கடைகளின் சிறப்பை என்னென்பது! மதியத்திற் சோறும், தேங்காய்ப்பால் விட்ட மீன் ஆணமும். குழம்பை ஆணம் என்பது அவர்கள் வழக்கு. புளி விட்டதாயிற் புளியாணம். பாரையும் சூரையும் அன்று கரைவலையில் விழுந்தவை. முடிவிற் சட்டியிலிருந்து வெட்டியெடுத்த எருமைத் தயிர். மாட்டுக்கறிச் சட்டி தனியே இருக்கும். அதன் அகப்பையும் வேறு. மாலையானதும் கோதுமை ரொட்டியை இரும்புத் தட்டிற் போட்டு, இரு தகடுகளால் தாளந் தவறாமற் கொத்தும் ஓசை தெருவெங்கும் கேட்கும். கொத்துரொட்டி கிழக்கிலங்கையிலேயே பிறந்தது என்று பலரும் கூறுவர். எங்கே பிறந்ததாயினும், இன்று அது தொரன்றோவின் ஸ்காபரோவிலும், பாரிசின் லா சப்பலிலும், இலண்டனிலும், போரினால் ஊரைவிட்டு ஓடிய தமிழர் வைத்த கடைகளிற் கொத்தப்படுகின்றது. அங்கே வெள்ளையர் பிள்ளைகள் அதனை 'உண்மையான' தமிழ்ச் சாப்பாடென்று தேடிச்சென்று உண்கிறார்களாம். முஸ்லிம் சமையற்காரரின் கைப்பழக்கம் தமிழரின் அடையாளமாகிவிட்டது. எமக்கு இதில் வருத்தமில்லை. சிறிது சிரிப்பு உண்டு.

கடையில் உண்பவன் தன் உயிரையே அயலான் கையிற் கொடுக்கிறான். சமையலறையில் நடப்பது அவனுக்குத் தெரியாது. இந்த நம்பிக்கை உடைந்தால் என்னவாகும்? அதற்குத் தொலைவில் உதாரணந் தேட வேண்டியதில்லை.

காரைதீவுச் சந்தியிலிருந்து சம்மாந்துறை வழியாக மேற்கே சென்றால் அம்பாறை நகரம். 1949 ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்த நகரம் அது; பல திசைகளிலிருந்தும் குடியேறியவர்களால் நிறைந்தது. 1961 ஆம் ஆண்டில் அதன் பெயராலேயே எமது மாவட்டம் அமைந்தது. 2018 ஆம் ஆண்டு பெப்ரவரி 26 ஆந் திகதி இரவு, அங்கே முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் உண்ண வந்த சிங்களவர் ஒருவர், கறியிற் கட்டியொன்றைக் கண்டு, பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் மாத்திரை இது என்று கூக்குரலிட்டார். கூட்டம் கூடிற்று. சிங்களம் நன்கறியாத கடைக்காரர், கேட்ட கேள்வி விளங்காமல் அச்சத்தில் ஏதோ சொல்ல, அதனைப் படம் பிடித்து முகநூலிற் பரப்பினர். கடை நொறுக்கப்பட்டது; பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் அக்கட்டியைச் சோதித்தார். அது மாவுக்கட்டி! குழம்பிற் கரையாது நின்ற மா. உண்டவனை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகில் எங்கும் இல்லை என மருத்துவர்கள் விளக்கினர். ஆனால் மார்ச் மாதத் தொடக்கத்திலேயே கண்டியில், திகனையில், வேறொரு காரணத்தை முன்வைத்துப் பெருந்தீ மூண்டுவிட்டது. அவ்வாண்டுக் கலவரங்களில் தன் தளம் பயன்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் மன்னிப்புக் கோரிற்று.

இதே அம்பாறை நகரத்துச் சிங்கள மக்கள், 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதிக் கடற்கோளின் பின்னர் சோற்றுப் பொதிகளோடு எமது கரைக்கு ஓடி வந்தவர்கள். இலங்கையில் மிகுதியான உயிர்கள் அன்று மாண்டது எமது மாவட்டத்திலேதான். அந்தப் பொதிகளை யார் சமைத்தார், எதைக் கலந்தார் என்று அன்று எவரும் கேட்கவில்லை.

சிங்களவரையே சொல்லி நாம் தப்பிவிடுதல் நேர்மையன்று. 1985 இலும் 1990 இலும் இக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர்க்கொருவர் செய்தவற்றை இரு பக்கத்துத் தாய்மாரும் மறக்கவில்லை. ஆகவே மாத்திரைக் கதை தமிழர் வீடுகளுக்கும் எளிதில் வந்து சேர்ந்தது. 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து, அவ்வாரமே சாய்ந்தமருதிலும் குண்டோசை கேட்ட பின்னர், அது வளர்ந்தது. கற்ற பெற்றோரே பிள்ளைகளிடம் "அவர்கள் கடையில் ஒன்றும் வாங்காதே" என்றனர்.

நாம் என்ன செய்தோம்? வகுப்பில், ஆதாரமில்லாத செய்தியை நம்பலாகாது என்று ஒரு மணிநேரம் பேசினோம். மாணவர் அமைதியாகக் கேட்டனர். ஆனால் அன்று மதியமும், அதன் பின் பல வாரங்களும், பதினைந்தாண்டுகளாக உண்டுவந்த கடைக்கு நாம் செல்லவில்லை. வீட்டிலிருந்து சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு போனோம். உடல்நலக் குறைவு என்று சகஆசிரியரிடம் காரணமுஞ் சொன்னோம். மாத்திரையை நம்பினோமா? இல்லை. அயலவர் என்ன நினைப்பாரோ என்றே அஞ்சினோம். அந்த அச்சத்தின் பெயரையும் வகுப்பிற் கற்பித்திருக்கலாம்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், மாணவன் ஒருவன், தமிழ்ப் பிள்ளை, அக்கடையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வெளிவருவதைக் கண்டோம். அவன் எம்மைக் கண்டு ஒதுங்கவில்லை. "பாரை மீன், சேர். முடியப்போகுது, கெதியாப் போங்க" என்றான்.

உள்ளே மேசைகள் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தன. முன்பு பரிமாற இருவர் இருந்த இடத்தில் இப்போது கடைக்காரர் தாமே நின்றார். பெட்டியடியில் அவர் மகன் பள்ளிப் புத்தகத்தோடு இருந்தான். எமது பழைய மேசையில் அமர்ந்தோம். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "காக்கா, சுகமா?" என்றோம்.

"சுகந்தான் சேர். கனநாளாக் காணல்ல" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நாம் பார்க்கும்படியாக மீன் சட்டியின் மூடியைத் திறந்து, அதன் அகப்பையாலேயே கிளறி, ஒரு துண்டை எடுத்து வைத்தார். சிறிது நின்று, பின் இன்னொரு துண்டும் வைத்தார். காசு கொடுக்கும்போது ஒரு துண்டுக்கே எடுத்துக்கொண்டார்.