கோழியின் குருதியும் நமது குருதியும்

வீட்டு முற்றத்திலே குப்பையைக் கிளறி இரைதேடும் கோழியின் குருதியைச் சோதித்தால், ஒரு டெசிலீற்றரில் 200 மில்லிகிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் காணலாம். உணவருந்தாத காலை வேளையில் நமது குருதியில் இருக்கவேண்டிய அளவோ 70 முதல் 100 மில்லிகிராம் வரையே. கோழிக்குள்ள அளவு அவ்வேளையில் நமக்கு இருப்பின், வைத்தியர் அன்றே மருந்தும் பத்தியமும் விதித்துவிடுவார். கோழியோ குறையெதுவுமின்றி முட்டையிடுகின்றது. சேவல் விடியுமுன் கூவி ஊரை எழுப்புகின்றது. இஃது எங்ஙனம் இயலும்?

இவ்வினாவின் முழு விடை பெரிது. ஆயினும் அதன் ஒரு பகுதி, குருதியிலே மிதக்கும் செங்குழியங்கள் சர்க்கரையை ஆளும் விதத்தில் அடங்கியுள்ளது. அதனை அறிந்துகொண்டால், நீரிழிவுள்ளோர் செய்துகொள்ளும் சோதனையொன்றின் பொருளும், குருதி வங்கியில் ஒரு பைக் குருதிக்கு நாட்கெடு விதிக்கப்படுவதன் காரணமும் நமக்கு நன்கு விளங்கும்.

இருவகைக் கலங்கள்

மாணவர்கள் இரு குருதித் துளிகளையும் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினால் வேறுபாடு உடனே தென்படும். கோழியின் செங்குழியம் நீள்வட்டமானது, நடுவே கருவுடையது. நமது செங்குழியம் வட்டமானது, இருபுறமும் குழிந்தது, கருவற்றது. என்பு மச்சையில் முதிரும்போதே அது தன் கருவை வெளியேற்றிவிடுகின்றது. பின்னர் இழைமணிகளையும் இழந்துவிடுகின்றது. இழைமணி என்பது ஒட்சிசனைக் கொண்டு உணவை எரித்துச் சத்தியைப் பெறும் உலைக்களம் ஆகும். அவ்வுலை இல்லாமையால், உடலெங்கும் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் இக்கலம், தனக்கு வேண்டிய சத்தியைப் பெறுவதற்கு அதனைப் பயன்படுத்துவதில்லை. ஊரார் பசியாற்றச் சோறு சுமப்பவன் அதில் ஒரு பருக்கையும் உண்ணாதிருப்பதை ஒக்கும் இது.

பறவையின் செங்குழியத்திலோ இழைமணிகள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலங்களின் சுவாசத்தை ஆராயப் புகுந்த ஜேர்மனிய அறிஞர் ஒற்றோ வாபேர்க் பறவைகளின் செங்குழியங்களையும் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அவை ஒட்சிசனை உட்கொண்டு சுவாசிப்பன அன்றோ! சுவாச நொதியம் பற்றிய ஆராய்ச்சிக்காக அவர் 1931ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

மூன்று வாயில்கள்

நமது செங்குழியத்துக்குள்ள வழி, ஒட்சிசனின் துணையின்றிக் குளுக்கோசைப் படிப்படியாகச் சிதைத்து இலற்றிக்கமிலமாக்குவதே. ஒரு குளுக்கோசு மூலக்கூற்றிலிருந்து அதற்குக் கிடைக்கும் மிச்சம் இரண்டே இரண்டு ஏ.ரீ.பீ. மூலக்கூறுகள். இழைமணியில் எரித்திருந்தால் ஏறக்குறைய முப்பது கிடைத்திருக்கும். இச்சிறு வருவாயைக் கொண்டே அக்கலம் சோடியத்தை வெளியே தள்ளிப் பொற்றாசியத்தை உள்ளே வைத்து, வடிவங் குலையாது, தன்னிலும் ஒடுங்கிய மயிர்த்துளைக் குழாய்களினூடே வளைந்து சென்று, ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்கின்றது.

வருவாய் சிறிதாயின் கணக்குச் செம்மையாக இருத்தல் வேண்டும். ஆதலின் இப்பாதையிலே மூன்று நொதியங்கள் வாயில்காப்போர் போல நிற்கின்றன. முதலாவதாகிய எட்சோகைனேசு, தான் ஆக்கிய பொருள் தேங்கினால் தானே தளரும். இரண்டாவதாகிய பொசுபோபிரற்றோகைனேசு, ஏ.ரீ.பீ. நிறைந்திருந்தால் வாயிலை ஒடுக்கும், குறைந்தால் விரிக்கும், அமிலம் மிகுந்தாலும் ஒடுக்கும். மூன்றாவதாகிய பைரூவேற்றுக் கைனேசு, முந்திய படியிலிருந்து பொருள் வந்து சேரச்சேர விரைவுபடும். இம்மூன்றாவது நொதியம் பிறப்பிலேயே குறைபட்டவர்களின் செங்குழியங்கள் காலத்துக்கு முன்னரே அழிய, அவர்கள் சோகையால் வருந்துவர்.

இப்பாதையின் இடையே ஒரு கிளைவழியும் உண்டு. 1950இல் ராபபோர்ட், லூபெரிங் என்னும் இருவர் அதனை விளக்கினர். அதில் உண்டாகும் இருபொசுபோகிளிசரேற்று என்னும் பொருள், ஈமோகுளோபினின் பிடியைத் தளர்த்தி, ஒட்சிசனை இழையங்களுக்கு விடச் செய்கின்றது என்பது 1967இல் வெளியாயிற்று. உயர்ந்த மலைகளில் வாழ்வோரிடத்து இதன் அளவு கூடுகின்றது. முட்டைக்குள் வளரும் கோழிக்குஞ்சிடமும் இப்பொருள் உண்டு. குஞ்சு பொரித்தபின் இது மறைய, இனோசிற்றோல் ஐம்பொசுபேற்று என்னும் வேறொன்று அவ்விடத்தைப் பெறுகின்றது. அஃது இக்கிளைவழியில் பிறப்பதன்று. எனவே நம்மிடத்தில் சர்க்கரைப் பாதையோடு பிணைந்துள்ள ஒட்சிசன் கொடை, வளர்ந்த பறவையிடத்தில் அதனின்றும் பிரிந்து நிற்கின்றது.

மூன்று மாதக் கணக்கு

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மனிதச் செங்குழியத்தினுள் குளுக்கோசு தடையின்றிப் புகும். அதற்கு இன்சுலினின் அனுமதியும் வேண்டியதில்லை. உட்புகுந்த சர்க்கரையில் ஒரு சிறு பங்கு ஈமோகுளோபினில் மெல்ல ஒட்டிக்கொள்ளும். இதை அளவிடுவதே எச்.பி.ஏ.1சி என்னும் சோதனை. கலத்தின் ஆயுள் நான்கு மாதமளவில் இருப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையை அது காட்டிவிடுகின்றது. முதல்நாள் மட்டும் இனிப்பைத் தவிர்த்துவிட்டுச் சோதனைக்குப் போவதால் யாதொரு பயனும் இல்லை! செங்குழியங்கள் விரைந்து அழியும் நோயுடையோரிடத்தும், அண்மையில் குருதி ஏற்றப்பட்டோரிடத்தும் இச்சோதனை பிழையான எண்ணைக் காட்டக்கூடும். ஆதலின் அவர்கள் அதனை வைத்தியருக்கு மறவாது சொல்லவேண்டும்.

வளர்ந்த கோழியின் செங்குழியத்தினுள்ளோ குளுக்கோசு மிக மெல்லவே நுழைகின்றது. வெளியே சர்க்கரை வெள்ளமாய் ஓடினும் கதவு ஒருக்களித்தே கிடக்கின்றது. கலத்தின் இழைமணிகள் வேறு எரிபொருள்களைக் கொண்டு வேலை செய்ய வல்லன. மேலும் அக்கலத்தின் ஆயுள் ஏறக்குறைய ஒரு மாதமே. ஆகவே அதன் ஈமோகுளோபினில் ஒட்டும் சர்க்கரையும் குறைவு. முலையூட்டிகள் யாவும் நம்மைப் போன்றவை என்றும் எண்ணிவிடலாகாது. வளர்ந்த பன்றியின் செங்குழியத்துக்கும் குளுக்கோசு எளிதில் எட்டாது. ஈரலிலிருந்து வரும் இனோசின் என்னும் பொருளையே அது நம்பி வாழ்கின்றது.

பையில் உறங்கும் உயிர்

1916இல் அமெரிக்காவில் ரூஸ், ரேணர் என்போர், சித்திரேற்றுடன் சர்க்கரையும் சேர்த்தால் செங்குழியங்களை உடலுக்கு வெளியே நெடுநாள் காக்கலாம் என்று காட்டினர். அடுத்த ஆண்டே ஒசுவால்ட் றொபேட்சன் போர்க்களத்தில் அம்முறையைக் கையாண்டார். 1943இல் பிரித்தானியரான லூற்றிற், மொலிசன் ஆகியோர் அக்கரைசலைச் சற்று அமிலமாக்கினர். கிருமி நீக்கச் சூடாக்கும்போது சர்க்கரை கருகாதிருக்க இது வழிசெய்தது. குருதியும் மூன்று வாரம் நின்றது. பின்னர் அடினீன் சேர்க்கப்பட்டு 35 நாட்களாயிற்று. வேறு கரைசல்களால் 42 நாட்கள் வரை நீடித்தது.

அதற்குமேல் ஏன் இயலவில்லை? குளிரில் வைத்தாலும் கலம் சர்க்கரையை உண்டுகொண்டே இருக்கின்றது. இலற்றிக்கமிலம் பைக்குள்ளேயே தேங்குகின்றது; அவ்வமிலம் இரண்டாவது வாயிலை ஒடுக்குகின்றது; ஏ.ரீ.பீ. குறைகின்றது; கலம் விறைத்து வடிவிழக்கின்றது. சர்க்கரை எஞ்சியிருந்தும் அடுப்பு அணைந்துவிடுகின்றது.

ஆகவே, ஒரு முறை கொடுத்த குருதி என்றென்றும் நிற்கும் செல்வமன்று. ஏறக்குறைய ஆறு வாரத்தில் தீர்ந்துபோகும் தவணை. பிரசவத்தில் குருதி இழக்கும் தாய்க்கும், வீதி விபத்தில் அடிபட்ட இளைஞனுக்கும் வேண்டிய குருதியைத் தொழிற்சாலையில் செய்து அடுக்கி வைத்தல் இயலாது. உடல்நலமுள்ளோர் காலத்துக்குக் காலம் முன்வந்து கொடுத்தால்தான் அக்களஞ்சியம் வெறுமையாகாதிருக்கும். அடுத்த முறை குருதிக்கொடை முகாம் பற்றிய அறிவித்தல் நம் கண்ணிற் படும்போது, பையினுள்ளே இரண்டிரண்டு ஏ.ரீ.பீ.யாகச் சேர்த்து உயிர்காத்து நிற்கும் அச்சிறு கலங்களை ஒருகணம் நினைத்துப் பார்ப்போமாக.